சாதி ஒரு பொத்தானா? கணினி விளையாட்டில் பண்பாட்டுக் கணக்கு

(இரவுப் பாடசாலை ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய பண்பாட்டு அரங்கம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பஞ்சமி நிலம் பற்றியும் வழக்குகள் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் ஒருத்தன் எழுந்து வந்து கம்ப்யூட்டர் கேம் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் என்னிடம் நேராகவே கேட்டார். "ஏம்பா, சுடுகாட்டுக்குப் போற பாதைக்கே இங்க சண்ட போட்டுக்கினு இருக்கோம். நீ பொம்ம வெளயாட்டப் பத்திப் பேசப் போறியா?"

அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நம்ம பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் கையில் போன் கிடைத்தால் முதலில் திறப்பது விளையாட்டைத்தான். நானும் அப்படித்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடி வளர்ந்தவன். இன்றைக்கு என் பிழைப்பே அதுதான். ஒரு கம்பெனியில் கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. அந்த வேலையில் தினமும் என் காதில் விழுகிற ஒரு சொல் 'பேலன்ஸ்'. சமன். அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கேட்பதற்கு நல்ல சொல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் சமன் வேறு, சமத்துவம் வேறு. இரண்டையும் ஒன்று என்று நம்பினால் என்ன ஆகும் என்பதை இந்த விளையாட்டுகளை வைத்தே காட்டலாம் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு விதிக்குள் ஒரு உலகப் பார்வை ஒளிந்திருப்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுகிறார்களே, அந்தக் கட்டத்தைப் பாருங்கள். புண்ணியம் செய்தவன் ஏணியில் ஏறுகிறான், பாவம் செய்தவனைப் பாம்பு கொத்துகிறது. எது புண்ணியம், எது பாவம் என்று கட்டம் வரைந்தவன் ஏற்கனவே முடிவு செய்துவிட்டான். நீங்கள் சோழியை உருட்டும்போது அந்த முடிவையும் சேர்த்துத்தான் உருட்டுகிறீர்கள். கம்ப்யூட்டர் கேமிலும் இதுதான் நடக்கிறது. கட்டம் பெரிசு, கணக்கு நுணுக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1991இல் அமெரிக்காவில் 'சிவிலைசேஷன்' என்றொரு கேம் வந்தது. சிட் மேயர் என்பவர் பெயரோடு வருகிற வரிசை அது. நீங்கள் ஒரு நாகரிகத்தின் தலைவர். கி.மு. 4000த்தில் ஒரு ஊரைக் கட்டி ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள், ஆறாயிரம் வருஷம் ஆளுகிறீர்கள். முதல் இரண்டு கேம்களில் பண்பாடு என்று தனிக் கணக்கு கிடையாது. 2001இல் வந்த மூன்றாவது கேமில்தான் அது நுழைந்தது. கோயில் கட்டினால் ஒவ்வொரு முறையும் இத்தனை பண்பாட்டுப் புள்ளி, நூலகம் கட்டினால் இத்தனை என்று சேரும். புள்ளி சேரச் சேர உங்கள் எல்லைக்கோடு தானாக விரியும். ஒரே ஊரில் 20,000 புள்ளி சேர்ந்துவிட்டால் போர் இல்லாமலே ஜெயித்துவிடலாம்.

இதில் இரண்டு விதிகளைக் கவனியுங்கள். ஒன்று, கட்டிய கட்டடத்துக்கு ஆயிரம் வருஷம் ஆகிவிட்டால் அதன் பண்பாட்டுப் புள்ளி இரட்டிப்பாகும். பழமைக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டிக் கணக்கு நமக்கு நன்றாகத் தெரியும். 'ஆயிரம் வருஷப் பாரம்பரியம்' என்று ஒருத்தன் ஆரம்பித்தாலே நம் ஆள் வாசலுக்கு வெளியே நிற்கப்போகிறான் என்று அர்த்தம். இரண்டாவது விதி, பக்கத்து நாட்டின் பண்பாடு உங்களுடையதைவிடப் பலமாக இருந்தால் எல்லையோரத்து ஊர் திடீரென்று அவன் பக்கம் சாய்ந்துவிடும். அந்த ஊரில் நீங்கள் நிறுத்தி வைத்த படையும் அத்தோடு காணாமல் போகும். எத்தனை பேர் இருந்தாலும் போச்சு. ஆடுகிறவர்களுக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. படை பலத்தைப் பண்பாடு இப்படி விழுங்கலாமா, இது சமனா என்று கேட்டார்கள்.

நான் செய்கிற வேலை இங்கேதான் வருகிறது. பேலன்ஸ் என்றால் என்ன? ஒரு கேமில் ஜெயிக்க நாலு வழி இருக்கிறதென்றால் நாலும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு இருக்க வேண்டும். ஒரு வழி மட்டும் எப்போதும் ஜெயித்தால் எல்லோரும் அதையே ஆடுவார்கள், கேம் செத்துப்போகும். ஆகவே பலமானதைக் கொஞ்சம் குறைப்போம், சோகையானதைக் கொஞ்சம் ஏற்றுவோம். 2010இல் வந்த ஐந்தாவது சிவிலைசேஷனில் நாட்டில் ஊர்கள் கூடக்கூட ஒவ்வொரு கொள்கையை வாங்குவதற்கும் பண்பாட்டு விலை ஏறும். நிறைய ஊர்களைப் பிடித்தவன் பண்பாட்டிலும் சுலபமாக ஜெயித்துவிடக் கூடாது, நாலு ஊரோடு இருப்பவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதற்காக வைத்த கடிவாளம் அது. தொழில் என்று பார்த்தால் நல்ல வேலைதான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சமன் செய்யப்படுவது யாருக்கும் யாருக்கும் இடையில்? நாலு ஊர் வைத்திருக்கிற ராஜாவுக்கும் நாற்பது ஊர் வைத்திருக்கிற ராஜாவுக்கும் இடையில். கோயிலுக்குக் கல் சுமந்தவன் இந்தத் தராசின் எந்தத் தட்டிலும் இல்லை. அவன் எடைக்கல்.

இந்தக் கணக்கு எதுவரை போகும் என்பதற்கு 2005இல் வந்த நாலாவது சிவிலைசேஷனைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அதில் 'உழைப்பு' என்று ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் நாட்டில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் இருப்பது குலமுறை. அடுத்து அடிமைமுறை, அதற்கடுத்து பண்ணையடிமைமுறை. நாலாவது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், சாதிமுறை. பெயரே அதுதான், 'காஸ்ட் சிஸ்டம்'. ஐந்தாவது விடுதலை, 'எமான்சிபேஷன்'. சாதிமுறை எப்போது கிடைக்கும் தெரியுமா? 'சட்டத் தொகுப்பு' என்கிற கண்டுபிடிப்பு வந்த பிறகு. எழுதியவர்கள் யாரை மனசில் வைத்து எழுதினார்களோ, நமக்கு மனுதான் ஞாபகம் வருகிறான்.

சாதிமுறையைத் தேர்ந்தெடுத்தால் என்ன லாபம்? ஒரு ஊரில் எத்தனை கலைஞர்களை வேண்டுமானாலும், எத்தனை வணிகர்களை, எத்தனை அறிஞர்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வரம்பு கிடையாது. ஒவ்வொரு கலைஞனும் பண்பாட்டுப் புள்ளி தருவான். பண்பாட்டு வழியில் ஜெயிக்க நினைக்கிறவர்கள் சாதிமுறைக்கு மாறி, ஊரில் கலைஞர்களாக நிரப்பி, மூன்று ஊர்களில் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகப் புள்ளியைச் சேர்ப்பார்கள். நானே ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்து அப்படி ஆடி ஜெயித்திருக்கிறேன். சேரியில் பிறந்தவன், அம்மா நாற்று நடப் போன காசில் பிரவுசிங் சென்டருக்குப் போனவன், சாதிமுறை என்கிற பொத்தானை அழுத்தி உலகத்தை ஜெயித்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதுதான் விதியின் பலம். பிரச்சாரமாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். விதியாக இருந்ததால் கற்றுக்கொண்டேன்.

அடிமைமுறை என்ன தரும்? ஊர் மக்கள் தொகையில் ஒன்றிரண்டைக் கொன்று கட்டடத்தை உடனே முடித்துக்கொள்ளலாம். ஆடுகிறவர்கள் இதைச் 'சாட்டை' என்றே சொல்வார்கள். கொஞ்ச முறைகளுக்கு ஊரில் மனக்குறை இருக்கும், பிறகு மறந்துவிடும். இந்த இரண்டில் எப்போது எது நல்லது என்று ஆட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். மக்கள் வேகமாகப் பெருகுகிற ஊர் என்றால் சாட்டை, கலைஞரை வைக்கிற ஊர் என்றால் சாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. தொழில் மொழியில் சொன்னால் அருமையான பேலன்ஸ்.

இதைச் சொல்லிவிட்டு விடுதலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆகமாட்டேன். அந்தக் கேமில் எனக்குப் பிடித்த விதி அதுதான். ஜனநாயகம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஏதோ ஒரு நாடு விடுதலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், தேர்ந்தெடுக்காத மற்ற நாடுகளின் ஊர்களில் மக்கள் முகம் சிவக்க ஆரம்பிக்கும். அங்கே கிடைத்தது இங்கே ஏன் இல்லை என்கிற கோபம். விடுதலை பெற்ற நாடுகள் கூடக்கூட இந்தக் கோபமும் கூடும். மொத்தக் கேமிலும் கீழே இருக்கிறவனின் மனசு மேலே இருக்கிறவனை நெருக்குகிற இடம் இது ஒன்று. செய்தி பரவினால் அடிமை அமைதியாக இருக்கமாட்டான் என்கிற உண்மை, ஒரே ஒரு விதியாக, உள்ளே வந்துவிட்டது. ஆனால் அங்கேயும் முகம் சிவப்பதோடு சனங்களின் வேலை முடிந்தது. பொத்தானை அழுத்துகிறவன் ராஜாதான். ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடைவெளியில் நாட்டில் ஒன்றிரண்டு முறை எதுவும் நடக்காது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அராஜகம்'. சாதி ஒழிகிற கணத்துக்கு அதிகாரம் எப்போதும் இந்தப் பெயரைத்தான் வைக்கும்.

நாலாவது சிவிலைசேஷன் சாதியை ஒரு பொத்தானாக்கியது. சுவீடனில் பாராடாக்ஸ் என்கிற நிறுவனம் செய்யும் 'க்ரூசேடர் கிங்ஸ்' வரிசை அதை ஒரு பிறவிக் குணமாக்கியது. இரண்டாவது க்ரூசேடர் கிங்ஸுக்கு 2014இல் 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு சேர்க்கை வந்தது. இந்தியா வரைபடத்துக்குள் வந்தது. இந்து அரச குடும்பங்களுக்குச் சாதி வந்தது. எத்தனை சாதி? மூன்று. பிராமணர், சத்திரியர், வைசியர். அவ்வளவுதான். சாதி மாறிக் கல்யாணம் செய்தால் பிள்ளைக்குக் கீழ்ச் சாதி. ஆக, கீழ் என்றால் வைசியர் வரைதான். அதற்குக் கீழே தரையே இல்லை.

அது ராஜாக்களைப் பற்றிய கேம், சூத்திரரும் பஞ்சமரும் எப்படி வருவார்கள் என்று கேட்கலாம். என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான். கீழே ஒருவரும் இல்லாமல் மேலே இருப்பதற்கு என்ன அர்த்தம்? தொடக்கூடாதவன் ஒருவன் இருந்தால்தானே தொடக்கூடியவனுக்குப் புனிதம்? தீண்டாமையை எடுத்துவிட்டுச் சாதியை மட்டும் வைத்தால், அது குணச்சித்திரம் போல, கண் நிறம் போல, ஒரு அலங்காரமாகிவிடுகிறது. பிராமணனுக்குப் படிப்பில் கொஞ்சம் கூடுதல், சத்திரியனுக்குப் போரில் கொஞ்சம் கூடுதல், வைசியனுக்கு நிர்வாகத்தில் கொஞ்சம் கூடுதல். ஆளுக்கொன்று, யாருக்கும் குறையில்லை. வருணதர்மத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதையேதானே சொல்கிறார்கள்? அவரவர்க்கு அவரவர் தொழில், சமுதாயம் சமனாக இருந்தது என்று. சுவீடனில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்த நோக்கம் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. மூன்று ஆட்டக்காரர்களையும் சமன் செய்யப் போனார்கள், வருணதர்மத்தின் சொந்த விளம்பரத்திலேயே போய் நின்றார்கள்.

பௌத்தத்துக்கும் அதே கதி. பௌத்த அரசனுக்குக் கல்வியில் பெரிய கூடுதல். சமண அரசனுக்கு அடங்கி நடக்கிற குறுநிலத் தலைவர்கள். இந்துவுக்குச் சாதி. மூன்று மதம், மூன்று விதமான லாபம். மதம் மாற்றுவதும் மேலிருந்துதான். அரசவைப் பூசாரியை ஒரு மாவட்டத்துக்கு அனுப்பினால், ஒருநாள் அந்த மாவட்டம் முழுக்க மாறிவிட்டது என்று செய்தி வரும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான சனங்கள் எந்த ராஜாவும் பூசாரியை அனுப்பாமல் தாங்களாக நடந்து வந்து அம்பேத்கரோடு மதம் மாறினார்களே, அதை இந்தக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது? வரியே கிடையாது. இது கற்பனைக் குறைவு மட்டும் இல்லை. மக்கள் தாங்களாகவே மாறலாம் என்று ஒரு விதி வைத்தால், ஆடுகிறவன் கையிலிருந்து ஆட்டம் போய்விடும்.

2020இல் மூன்றாவது க்ரூசேடர் கிங்ஸ் வந்தது. 2022இல் அதற்கு வந்த சேர்க்கையில் பண்பாட்டுக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. இரண்டு பண்பாடுகளைக் கலந்து புதியதொன்றைப் படைக்கலாம், ஒன்றிலிருந்து பிரிந்தும் போகலாம். கேட்க அழகாக இருக்கிறது. யார் முடிவு செய்வது? ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு தலைவர் உண்டு. அந்தப் பண்பாட்டு மக்கள் வாழ்கிற மாவட்டங்கள் யார் ஆளுகைக்குள் அதிகம் இருக்கின்றனவோ அவரே தலைவர். அதாவது நிலம் யாரிடமோ, பண்பாடு எது என்று சொல்கிற உரிமையும் அவரிடம். இதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். கேம்கள் சொன்னதிலேயே மிக நேர்மையான வாசகம் இது. நம்ம ஊரில் திருவிழா எப்போது, தேர் எந்தத் தெரு வழியாக என்று முடிவு செய்கிறவன் எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறான் என்று பாருங்கள்.

அதே நிறுவனத்தின் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ்' நாலாவது கேம் 2013இல் வந்தது. அதில் பிடித்த நாட்டின் பண்பாட்டையே மாற்றலாம். ராஜதந்திரப் புள்ளிகளைச் செலவு செய்து பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டை மெதுவாக நிரம்பும். நிரம்பியதும் அந்த மாகாணத்தின் பண்பாட்டுப் பெயர் மாறிவிடும். அங்கே இருந்த மொழி, பாட்டு, தெய்வம் எல்லாம் எங்கே போயின என்று ஒரு வார்த்தை இருக்காது. ஆடுகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான், இதற்குச் செலவு அதிகமா குறைவா என்பது.

2022இல் வந்த மூன்றாவது 'விக்டோரியா' கொஞ்சம் வித்தியாசமானது. அதில் பாகுபாடு சட்டமாகவே இருக்கிறது. இனவாத அரசு என்கிற சட்டத்திலிருந்து பல்பண்பாடு என்கிற சட்டம் வரை படிப்படியாக ஐந்து. ஒதுக்கப்பட்ட மக்களுக்குக் கூலி குறைவு, அரசியலில் குரல் இல்லை. அதை ஒளிக்காமல் காட்டுகிறார்கள், அது நல்லது. ஆனால் பல ஆட்டக்காரர்கள் பல்பண்பாட்டுக்கு ஏன் போகிறார்கள்? அப்போதுதான் வெளியிலிருந்து சனங்கள் வந்து குவிவார்கள், ஆலைகளுக்கு ஆள் கிடைக்கும். விடுதலை லாபகரமாக இருந்தால் விடுதலை. நாளைக்கு அடுத்த திருத்தத்தில் பாகுபாட்டுக்கு லாபம் கூட்டினால் அதே ஆட்டக்காரர் அந்தப் பக்கம் போவார். சமன் செய்கிற கை கொஞ்சம் நடுங்கினால் நீதி இடம் மாறிவிடுகிறது.

இந்தக் கேம்களுக்குள் கூப்பிடப்பட்டு, வரமாட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. ஐந்தாவது சிவிலைசேஷனுக்கு 2013இல் வந்த சேர்க்கையில் அமெரிக்கப் பழங்குடிகளில் பியூப்லோ மக்களையும், 1680இல் ஸ்பானியர்களை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த போப்பே என்ற அவர்கள் தலைவரையும் சேர்க்க நினைத்தார்கள். பியூப்லோ மக்களின் குழு மறுத்துவிட்டது. அவர் எங்களுக்குப் புனிதமானவர், அவரைப் பொம்மையாக்கிப் பேச வைக்கக் கூடாது என்றார்கள். நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு ஷோஷோனி மக்களைச் சேர்த்தது. 2018இல் ஆறாவது கேமில் கனடாவின் க்ரீ மக்களும் அவர்களது தலைவர் பவுண்ட்மேக்கரும் வந்தபோது, அந்த மக்களின் தலைவர்களில் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் எதிர்த்துப் பேசினார். மற்றவர் நிலத்தைப் பிடிப்பது எங்கள் பண்பாடும்தான் என்று இந்தக் கேம் காட்டுகிறது, அது வெள்ளைக் காலனியவாதிகளின் கட்டுக்கதை என்பது அவர் வாதம். 1885இல் தேசத்துரோகி என்று கனடா சிறையில் அடைத்த மனிதர் பவுண்ட்மேக்கர். அவர் குற்றமற்றவர் என்று அந்த அரசு சொன்னது 2019இல். அதற்கு முந்தின வருஷமே அவர் கேமில் ஒரு பேரரசைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், 2025இல் வந்த ஏழாவது சிவிலைசேஷனில் சோழர்கள் இருக்கிறார்கள். நம்ம பசங்களும் சந்தோஷப்பட்டார்கள். உலகம் முழுக்க ஆடுகிற கேமில் தமிழ் அரசு! எனக்கும் ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செடுத்தது, மறைக்கவில்லை. பிறகு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஞாபகம் வந்தது. ராசராசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய இடங்களைப் பட்டியல் போடும்போது குளம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வெட்டியிருக்கிறான். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்ம தெரு கல்லில் இருக்கிறது. கேமில் இல்லை. பியூப்லோ மக்களிடம் அனுமதி கேட்டார்கள். சோழனைச் சேர்ப்பதற்குத் தீண்டாச்சேரியிடம் யாராவது கேட்பார்களா?

இப்போது சமனுக்கு வருகிறேன். சாதி ஏன் இத்தனை காலம் உடையாமல் நிற்கிறது என்பதற்கு அம்பேத்கர் கொடுத்த விளக்கம் படிநிலைச் சமத்துவமின்மை. மேலே இருப்பவனுக்கு எல்லாம், கீழே இருப்பவனுக்கு ஒன்றுமில்லை என்றால் எல்லோரும் சேர்ந்து கவிழ்த்துவிடுவார்கள். ஆனால் நடுவில் இருக்கிற ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது. ஒவ்வொருவனுக்கும் இழப்பதற்குக் கொஞ்சம் இருக்கிறது. இதை என் தொழில் கண்ணால் பார்த்தால் பயமாக இருக்கிறது தோழர்களே. உலகத்திலேயே மிகக் கச்சிதமாகச் சமன் செய்யப்பட்ட ஆட்டம் சாதிதான். அதனால்தான் அது சாகவில்லை. ஆகவே யாராவது 'சமன்' என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியது, எந்த இரண்டு பேருக்கு நடுவில், கீழே கிடப்பவன் யார் என்பதுதான்.

சரி, விமர்சனம் செய்தாயிற்று. செய்து பார்த்தாயா என்று கேட்பீர்கள். போன வருஷம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து அட்டையில் ஒரு விளையாட்டு செய்தோம். ஒரு ஊர். குளம், கோயில், கடை, வயல், தெருக்கள். ஐந்து பேர் ஆடலாம். புளியங்கொட்டைதான் காய். யார் எந்தத் தெரு என்பதற்குச் சீட்டு எடுக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி விதியாக எழுதினோம். விளைவு என்ன? சேரிச் சீட்டு எடுத்தவர் ஒவ்வொரு தடவையும் தோற்றார்.

நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். "சேரிக்குப் பண்பாட்டில் கூடுதல் கொடுப்போம். பறைச் சீட்டுக்கு இரண்டு புள்ளி" என்றேன். இளவட்டங்கள் கைதட்டினார்கள். பாடசாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, சாவுக்கு அடித்து அடித்தே வயசானவர், கேட்டார். "புள்ளி யாருக்குடா? எனக்கா? கூப்ட்டா போவணும், போவலன்னா ஒத. குடுக்கறது அரப்படி நெல்லு. அது வரமா? வேல." நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பறையைப் பரணில் போட்டவர், இனி தொடமாட்டேன் என்று. அவர் பேரன் அதே பறையைக் கல்லூரி மேடையில் அடிக்கிறவன். இது நம் இயக்கத்துக்குள் பல வருஷமாக நடக்கிற வாதம்தான். அன்றைக்கு அட்டை மேல் நடந்தது.

எட்டாவது படிக்கிற ஒரு பெண் அதற்கு ஒரு வழி சொன்னாள். "அண்ணா, சீட்டுக்கு ரெண்டு பக்கம் வைங்க. ஊரு கூப்ட்டு அடிச்சா புள்ளி ஊருக்கு. நாமளா அடிச்சா புள்ளி நமக்கு." எத்தனையோ கேம்களை ஆடிப் பார்த்த எனக்குத் தோன்றாத விதி அது. ஒரே பறை, ஒரே அடி. யார் கட்டளைக்கு அடிக்கிறோம் என்பதில் கணக்கு மாறுகிறது. நான் பார்த்த கேம்களில் கோயில் என்றால் இத்தனை புள்ளி, கலைஞன் என்றால் இத்தனை புள்ளி. யார் அடிக்கச் சொன்னது, பலன் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்கவே மாட்டார்கள்.

அதோடும் அவள் நிற்கவில்லை. "எத்தனை புள்ளி வந்தாலும் கொளத்துல தண்ணி எடுக்க முடியாதுன்னு விதி இருக்கே. அத எப்பிடி மாத்தறது? அதுக்கு எங்க சீட்டு?"

அதற்குச் சீட்டு இல்லை. நான் விளையாடிய எந்தக் கேமிலும் ஆடுகிறவனின் குடிகள் விதியையே மாற்றுகிற சீட்டு இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது கூடுதல் புள்ளிக்காக இல்லை, விதியை உடைப்பதற்காக. உடனே அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பத்து வருஷம் நடந்து 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது.

ஆகவே எங்கள் அட்டையில் விதிகளையும் சீட்டாக எழுதி மேசையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்தோம். ஐந்து பேரில் மூன்று பேர் தங்கள் கொட்டைகளைப் போட்டால் ஒரு விதியைக் கவிழ்க்கலாம். கவிழ்த்தவுடன் ஊர்த் தரப்பு திருப்பி அடிக்கலாம். அடியைத் தாங்கி இரண்டு சுற்று ஒன்றாக நின்றால் விதி நிரந்தரமாகப் போகும். நடுத் தெருக்காரன் எந்தப் பக்கம் போவான் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. பாதி ஆட்டங்களில் அவன் கடைசி நேரத்தில் கொட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். பிள்ளைகள் அவனைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே!

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி முடிக்க ஆசைதான். தீரவில்லை. ஆறாவது படிக்கிற ஒரு பையன் சேரிச் சீட்டு வந்ததும் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். "நெசத்துலயும் அதான், வெளயாட்டுலயும் அதானா? நான் ராசாவா ஆடறேன்" என்றான். நான் அவனுக்கு என்ன சொல்வது? பிரவுசிங் சென்டரில் நான் தேடிப்போனதும் அதுதானே. அவன் ஆசையைத் தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ராஜாவாக ஆடுவதில் இருக்கிற சந்தோஷத்தைப் போல, விதியைக் கவிழ்ப்பதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அவனுக்கு எப்படிக் காட்டுவது? அதை இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

மாணவத் தோழர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆடுங்கள். நான் ஆடாதே என்று சொல்ல வரவில்லை. ஆடும்போது பண்பாட்டுப் புள்ளி ஏறுகிறதைப் பார்த்தால், யார் அடித்த பறை, யார் சுமந்த கல் என்று ஒரு தடவை கேளுங்கள். கணினி படிக்கிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நாளைக்கு விதி எழுதப்போவது நீங்கள். எங்கள் அட்டை பின் வரிசை மேசையில் இருக்கிறது, கொட்டைகளும் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு இன்னும் அரைமணி நேரம் ஆகுமாம். ஐந்து பேர் வாருங்கள். அந்தப் பையனும் வந்திருக்கிறான்.

ஜெய்பீம்.